ட்ரவுட் குளத்தில் மீன் மாட்டவில்லையா? ஃப்ளையை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தில் டிக்கெட் வாங்கி மீன் பிடிக்கும் சிறிய ட்ரவுட் குளங்களில் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். கரையில் பாதிப் பேர் குனிந்து ஃப்ளை பெட்டியைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். ஃப்ளை என்பது பூச்சி போன்ற இரையைப் போலத் தூண்டில் முள்ளில் கட்டிய போலி இரை. பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், தண்ணீருக்குள் மீன் இருப்பது உறுதி. அப்படியும் ஒன்றும் மாட்டவில்லை என்றால் பழி ஃப்ளையின் மேல்தான் விழும்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கரையில் கைகொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஃப்ளை உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தது அபூர்வம். லீடரில், அதாவது லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய தங்கூசி இழையில், யாரும் கவனிக்காத ஒரு முடிச்சு, தப்பான ஆழம், தொய்ந்து கிடக்கும் லைன், மழுங்கிய முள் என்று ஏதோ ஒன்று சிக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்களுடைய கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

உங்களிடம் 9 அல்லது 9.5 அடி ராடு, அதற்குப் பொருந்தும் 6 அல்லது 7-ஆம் நம்பரில் (நம்பர் லைனின் எடையைக் குறிக்கும்) மிதக்கும் லைன் ஒன்று, மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியேட் லைன் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 13 வயது ஆனவர் என்றால் குளத்து டிக்கெட்டுடன் அரசின் ராடு லைசென்ஸும் வேண்டும். 16 வயது வரை அது இலவசம், ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும்.

## லைன் முன்னால் போகாமல் காலடியில் குவிகிறது

வெளியே எவ்வளவு லைன் இருக்கிறது? ராடு நுனிக்கு வெளியே இரண்டு மூன்று மீட்டரை மட்டும் விட்டுவிட்டு எவ்வளவு பலமாக வீசினாலும் போகாது. 6-ஆம் நம்பர் லைனின் முதல் 9 மீட்டர் ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். ராடை வளைப்பது அந்த எடை, ஃப்ளை அல்ல. ஏழெட்டு மீட்டரை முதலில் தண்ணீரில் கிடத்துங்கள், அதற்குப் பிறகு தூக்குங்கள்.

தூக்கும்போது லைன் தொய்ந்திருக்கிறதா? ராடு நுனியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி, இடது கையால் தொய்வை இழுத்துக்கொண்டு, லைன் நேரானதும் தூக்குங்கள். நுனி இடுப்பு உயரத்தில் இருக்கும்போதே தூக்க ஆரம்பித்தால், பாதி வீச்சு தொய்வை எடுப்பதிலேயே தீர்ந்துவிடும்.

லைன் சுருள் சுருளாக வருகிறதா? குளிர்காலம் முழுக்க ரீலில் கிடந்த லைன் அப்படித்தான் வரும். 15 மீட்டர் வெளியே எடுத்து, ஒரு முனையை நண்பர் பிடித்துக்கொள்ள, பத்து நொடி சீராக இழுத்துப் பிடியுங்கள். சுருள் போய்விடும்.

மணிக்கட்டு மடிகிறதா? ராடின் அடிமுனையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு வீசிப் பாருங்கள். பின்னால் போகும்போது துணி இழுபட்டால், மணிக்கட்டு திறந்து ராடு தரையைப் பார்க்கிறது என்று அர்த்தம். கடிகார முகத்தில் 1 மணிக்கு நிற்க வேண்டிய ராடு 3 மணிக்குப் போய்விடுகிறது. லைன் பின்னால் புல்லில் இறங்கி, முன்னால் வரும்போது உயிரில்லாமல் வருகிறது. முன்பக்கமும் இதே கதைதான். 10 மணி அளவில் சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் கையோடு கீழே கொண்டுபோனால் லைன் விரியாது.

லைனை ரீலில் தலைகீழாகச் சுற்றியிருக்கிறார்களா? சிரிக்காதீர்கள், புது லைனில் இது அடிக்கடி நடப்பது. முன்கனம் உள்ள லைனின் தடித்த பகுதி ஃப்ளை பக்கம் இருக்க வேண்டும். நுனியிலிருந்து முதல் பத்துப் பன்னிரண்டு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். மெலிந்த லைனே வந்துகொண்டிருந்தால் மொத்தத்தையும் அவிழ்த்துத் திருப்பிச் சுற்ற வேண்டியதுதான்.

நம்பர் பொருந்துகிறதா? ராடின் பிடிக்குச் சற்று மேலே நம்பர் எழுதியிருக்கும். 7-ஆம் நம்பர் ராடில் 5-ஆம் நம்பர் லைன் போட்டால் கை வலிக்கும், தூரம் போகாது. புது லைன் வாங்குவதற்கு முன் யாரிடமாவது சரியான நம்பர் ரீலைக் கடன் வாங்கி ஐந்து நிமிடம் வீசிப் பாருங்கள்.

எப்போது ஆள் வேண்டும்: மேலே உள்ளதையெல்லாம் பார்த்த பிறகும் குவிகிறது என்றால் பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் போங்கள். கேம் ஆங்லிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷனில் தேர்வு பெற்றவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். இது எதுவும் பார்க்காமல் நேராகக் கடைக்குப் போய் விலை உயர்ந்த ராடு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கை பழைய கைதானே.

## பின்னால் சாட்டை சொடுக்கும் சத்தம், ஃப்ளையைக் காணோம்

காரணம் அநேகமாக ஒன்றே ஒன்று. லைன் பின்னால் முழுவதும் நீள்வதற்குள் முன்னால் இழுத்துவிடுகிறீர்கள். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நின்று, பின்னால் போகும் லைனைக் கண்ணால் பாருங்கள். நேராக நீண்டதும் முன்னால் கொண்டுவாருங்கள். வெளியே இருக்கும் லைன் கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூட வேண்டும்.

சத்தம் வராமலே ஃப்ளை காணாமல் போகிறதா? லீடரின் கடைசி ஒரு சாணைப் பாருங்கள். பின்னால் கல்லோ வேலிக் கம்பியோ இருந்தால் முள் அதில் பட்டு உடைந்திருக்கும். சில நேரம் ஃப்ளை இருக்கும், முள் நுனி மட்டும் போயிருக்கும். மீன் இழுத்துக்கொண்டே இருந்தும் ஒன்றும் மாட்டாத நாட்களில் இதையும் சந்தேகப்படுங்கள்.

## லீடரில் தானாக முடிச்சு விழுகிறது

காற்று போடும் முடிச்சு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். காற்றில்லாத நாளிலும் விழும். கையில் ஒரு உதறல் இருப்பதுதான் காரணம்.

முதலில் செய்ய வேண்டியது, நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை லீடரை இரண்டு விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பார்ப்பது. மணல் துகள் போல நெருடினால் அங்கே முடிச்சு இருக்கிறது. இறுகாமல் இருந்தால் ஊசியால் அவிழ்த்துவிடலாம். இறுகியிருந்தால் வெட்டி எறியுங்கள். அந்த ஒரு முடிச்சு தங்கூசியின் பலத்தைப் பாதியாக்கிவிடும், பெரிய மீன் மாட்டும்போதுதான் தெரியவரும்.

பிறகு கையைப் பார்க்கலாம். முன்வீச்சை ஆரம்பிக்கும்போதே குத்துவது போல வேகம் கொடுக்கிறீர்களா? மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகமெடுத்து, கடைசியில் சட்டென்று நிறுத்த வேண்டும். காற்றில் ஐந்தாறு தடவை முன்னும் பின்னும் ஆட்டுகிற பழக்கம் இருந்தால் இரண்டாகக் குறையுங்கள். மூன்று ஃப்ளை கட்டியிருந்தால் ஒன்றாக்குங்கள். அப்படியும் விழுந்தால் 15 அடி லீடரை 10 அடியாகச் சுருக்குங்கள். இதில் செலவே கிடையாது.

## ஃப்ளை பின்னால் புல்லிலும் மரத்திலும் மாட்டுகிறது

பின்வீச்சு தாழ்கிறது. ராடை 12 மணிக்கே நிறுத்தி, லைனை மேல்நோக்கி அனுப்புங்கள். பின்னால் இடமே இல்லை என்றால் ரோல் வீச்சு கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு லைன் முன்னால் தண்ணீரில் இருந்தால் போதும், பின்னால் போகவே வேண்டியதில்லை.

வலது கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து காற்றடித்தால் ஃப்ளை தலையை நோக்கி வரும். எதிர்க் கரைக்குப் போய்விடுங்கள். போக முடியாவிட்டால் ராடை இடது தோளுக்கு மேல் சாய்த்து வீசுங்கள். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசவே கூடாது, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மரத்தில் மாட்டியதை எடுக்க ராடால் இழுத்தால் ராடு போய்விடும். ராடை லைனுக்கு நேராக நீட்டி, லைனைக் கையில் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இழுங்கள். மேலே மின்கம்பி போகும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து 30 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். இடி கேட்டாலும் ராடைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

## மிதக்க வேண்டியது மூழ்குகிறது, மூழ்க வேண்டியது மிதக்கிறது

மிதக்கும் லைனின் நுனி மூழ்கினால் அது அழுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மென்மையான துணியால் லைனைத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். காய்ந்த பிறகு லைனுக்கென்று விற்கும் மசகைத் தடவலாம். அதற்குப் பிறகும் மூழ்கினால் நுனியை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு கடைசி அரை மீட்டருக்குள் இருந்தால் வெட்டிவிட்டு லீடரை மறுபடி கட்டலாம். லைன் முழுக்க வெடித்திருந்தால் புது லைன்தான். தார் ரோட்டிலும் சிமென்ட் தரையிலும் வீசிப் பழகினால் லைன் சீக்கிரம் இந்த நிலைக்கு வந்துவிடும். பழகுவது புல்தரையில் இருக்கட்டும், ஃப்ளைக்குப் பதில் ஒரு கம்பளி நூல் துண்டு போதும்.

லீடர் மேலே மிதந்தால் அமைதியான நாளில் தண்ணீர்மேல் ஒரு கீறல் போட்டது போல மின்னும். மீன் அதைக் கண்டு ஒதுங்கிவிடும். இதற்குக் கடையில் சின்ன டப்பாவில் ஒரு பசை விற்கிறார்கள். முகத்துக்குப் பூச வீட்டில் முல்தானி மிட்டி இருந்தால் காசு மிச்சம். அதில் பாத்திர சோப்பைச் சில சொட்டு விட்டு, களி பதத்துக்குப் பிசைந்து, ஒரு சிட்டிகை எடுத்து லீடரை அதற்குள் இழுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை போய் லீடர் உடனே மூழ்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும். கிளிசரின் ஒரு சொட்டு சேர்த்தால் பசை காயாமல் இருக்கும்.

ஃப்ளோரோகார்பன் தங்கூசி தானாகவே மூழ்கக்கூடியது. தண்ணீருக்குள் இருக்கும் இளம்புழுவைப் போன்ற நிம்ஃப் ஃப்ளைக்கு அது நல்லது. மேலே மிதக்கும் ட்ரை ஃப்ளைக்கு அதைக் கட்டினால் ஃப்ளையையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும், அங்கே நைலான் போதும்.

## ஒரு இழுப்புகூட இல்லை

பெட்டியைத் திறக்க வைக்கும் கோளாறு இதுதான். மாற்ற வேண்டிய வரிசை: முதலில் ஆழம், அடுத்து வேகம், அதற்கடுத்து இடம், பிறகு ஃப்ளையின் அளவு. ஃப்ளையின் வகையும் நிறமும் கடைசி.

தண்ணீர்மேல் மீன் அசைவு தெரிகிறதா?

தெரிந்தால் ஐந்து நிமிடம் வீசாமல் பாருங்கள். மூக்கு வெளியே வந்து எதையாவது உறிஞ்சினால் மேலே மிதக்கும் பூச்சியைத் தின்கிறது, ட்ரை ஃப்ளை போடலாம். மூக்கு தெரியாமல் முதுகும் வாலும் மட்டும் புரண்டு போனால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்கும் கூட்டுப்புழுக்களைத் தின்கிறது. அநேகமாக அவை பஸ்ஸர்கள், அதாவது கடிக்காத கொசு இனத்தின் கூட்டுப்புழுக்கள். கறுப்பில் சிறிய பஸ்ஸரை மிதக்கும் லைனில், கிட்டத்தட்ட அசைக்காமல் விடுங்கள். இங்கே பலரும் ட்ரை ஃப்ளையைப் போட்டுவிட்டு, மீன் பக்கத்திலேயே புரண்டும் எடுக்கவில்லையே என்று புலம்புவார்கள். அந்த மீன் தின்பது ஒரு சாண் கீழே.

மேலே ஒன்றும் தெரியவில்லையா?

அப்படியானால் எண்ணிப் பிடியுங்கள். இன்டர்மீடியேட் லைன் நொடிக்கு ஏறக்குறைய 3 செ.மீ. இறங்கும். வீசியதும் 10 எண்ணி இழுங்கள். அடுத்து 20, அடுத்து 30. 30 எண்ணினால் சுமார் ஒரு மீட்டர் ஆழம். முள்ளில் பாசி வந்தால் தரையைத் தொட்டுவிட்டீர்கள், அதிலிருந்து ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணில் இழுப்பு வந்ததோ அதை மறக்காதீர்கள், அடுத்த மீனும் அநேகமாக அங்கேதான் இருக்கும். இந்த ஒன்றைப் பொறுமையாகச் செய்தாலே பெட்டி மூடியே கிடக்கும்.

மூன்று ஆழத்திலும் ஒன்றுமில்லை என்றால் வேகத்தை மாற்றுங்கள். லைனை விரல்களில் எட்டு வடிவத்தில் சுற்றிக்கொண்டே மெதுவாக எடுப்பது ஒன்று. ஒரு சாண் இழு, நிறுத்து என்று விட்டுவிட்டு எடுப்பது இன்னொன்று. ராடைக் கக்கத்தில் இடுக்கி இரண்டு கையாலும் நிற்காமல் இழுப்பது மூன்றாவது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் முதலாவதில் ஆரம்பியுங்கள். பண்ணையிலிருந்து வந்து ஓரிரு நாளே ஆன மீன்கள் கூட்டமாகச் சுற்றும், வேகமாக ஓடும் பளிச்சென்ற ஃப்ளையைத் துரத்தும். பல நாள் ஆகி, பல முட்களைப் பார்த்த மீன்களுக்கு மெதுவாகப் போகும் சின்ன, மங்கலான ஃப்ளை வேண்டும். கடைசியாக எப்போது மீன் விட்டார்கள் என்று குளத்துக் காவலரிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் மாட்டுகிறதா?

அவருடைய ஃப்ளையைக் கேட்காதீர்கள். எந்த லைன், எத்தனை எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். சொல்லாவிட்டாலும் வீசிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

யாருக்குமே இல்லையா?

அப்படியானால் இடமும் நேரமும். ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். காற்று ஒதுக்கும் கரை, தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால், சலனமும் அமைதியும் சந்திக்கும் கோடு, பாசித் திட்டின் ஓரம் என்று நடந்து பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகல் வெறுமையாகத்தான் இருக்கும், விடியலும் அந்தியும்தான் நேரம். முழு வெயிலில் மீன் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டதா? சரி, இப்போது பெட்டியைத் திறக்கலாம். அப்போதும் முதலில் அதே ஃப்ளையில் ஒன்றிரண்டு அளவு சிறியது. முள்ளின் நம்பர் கூடினால் அளவு குறையும். 10-ஆம் நம்பர் முள்ளில் இருந்தால் 12 அல்லது 14. வகையை மாற்றுவதென்றால் பருவத்தைப் பாருங்கள். வசந்தத்தில் பஸ்ஸர், ஜூன் முதல் ஊசித்தட்டானின் இளம்புழுவைப் போன்ற பச்சை டாம்ஸல், செப்டம்பரில் கால் நீண்ட டாடி. எது என்றே தெரியாத நாளில் டயவல் பாக் என்ற நிம்ஃப். முதல் மீனைச் சாப்பிட எடுத்துக்கொண்டால் அதன் வயிற்றைக் கீறிப் பாருங்கள். அன்றைக்கு என்ன தின்கிறது என்று அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

## பின்னாலேயே வருகிறது, கரைக்குப் பக்கத்தில் திரும்பிவிடுகிறது

போலராய்டு கண்ணாடி போட்டிருந்தால் இந்தக் கொடுமை கண்ணுக்கு நேராகவே நடக்கும். மீன் வருவது தெரிந்ததும் பலர் இழுப்பதை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் வேகத்தைக் கூட்டுவதுதான் சரி. பயந்து ஓடுகிற இரை நிற்பதில்லை. இரண்டு தடவை கூட்டியும் எடுக்கவில்லை என்றால் எதிர்மாறாகச் செய்யுங்கள். ராடை மெல்லத் தூக்கி, ஃப்ளையை மேற்பரப்புக்குக் கீழே ஐந்து முதல் பத்து நொடி தொங்கவிடுங்கள். பின்தொடர்ந்த மீன் அந்தக் கடைசி நிமிடத்தில் எடுப்பது சகஜம். அதனால்தான் வீச்சு முடிந்ததும் ஃப்ளையைச் சட்டென்று பிடுங்கி எடுக்கக் கூடாது என்கிறேன்.

அதுவும் பலிக்காவிட்டால் டிப்பெட்டை, அதாவது ஃப்ளை கட்டும் லீடரின் கடைசிப் பகுதியை, 8 பவுண்டு தாங்குவதிலிருந்து 5 அல்லது 6 பவுண்டுக்கு இறக்குங்கள். ஃப்ளையை மாற்றுவது இதற்கும் பிறகுதான்.

## இழுப்பு தெரிகிறது, மாட்டவில்லை

ராடு எங்கே பார்க்கிறது? நுனி மேலே இருந்தால் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் தொங்கும். மீன் இழுப்பது அந்தத் தொய்வைத்தான். நுனியைத் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இறக்கி, லைனுக்கு நேராக நீட்டுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பஸ்ஸரை அசைக்காமல் விடும்போது அந்தச் சின்ன வளைவை வேண்டுமென்றே விட்டு, அதையே கவனிப்பார்கள். வளைவு மெல்ல நிமிர்ந்தால் மீன் வாயில் ஃப்ளை.

இழுப்பு வந்ததும் ராடைத் தூக்குகிறீர்களா? ஓடவிட்டு எடுக்கும் ஃப்ளையில் முதலில் கையால் லைனை ஒரு இழு இழுங்கள். கனம் தெரிந்த பிறகு ராடைத் தூக்கலாம்.

முள் கூர்மையாக இருக்கிறதா? கட்டைவிரல் நகத்தின் மேல் முள்ளின் நுனியை லேசாக வைத்து நகர்த்துங்கள். நகத்தில் பதிந்து நின்றால் சரி. வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. சின்ன வைர அரத்தில் இரண்டு உரசல், அல்லது புது ஃப்ளை. பல குளங்களில் எதிர்முள் (கழலாமல் பிடிக்கும் சிறு கொக்கி) இல்லாத முள்தான் கட்டாயம், அதில் நுனி கூர்மை இல்லாவிட்டால் ஒன்றுமே நிற்காது.

வாலை மட்டும் கடிக்கிறதா? நீளமான வால் உள்ள டாம்ஸல், கேட்ஸ் விஸ்கர் போன்றவற்றில் இது சாதாரணம். கத்தரிக்கோல் வேண்டாம், வால் மொட்டையாக வெட்டுப்பட்டு அசைவு கெட்டுவிடும். விரல் நகங்களால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, வால் முள்ளின் வளைவைச் சற்றுத் தாண்டும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

## மாட்டியது, அறுந்தது

அறுந்த முனையைத் தூக்கி எறியாதீர்கள். என்ன நடந்தது என்பதை அது சொல்லும்.

முனை பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்தீர்களா? நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டில் தங்கூசி பலவீனமாகும், ஃப்ளோரோகார்பனில் இன்னும் மோசம். கட்டிய முடிச்சைக் கையால் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள்.

முனை நேராக வெட்டியது போல இருந்து, ஃப்ளைக்குச் சற்று மேலே அறுந்திருந்தால் அங்கே பழைய முடிச்சு இருந்திருக்கும். சொரசொரப்பாக, வெளுத்து இருந்தால் மீனின் பல்லோ கல்லோ உராய்ந்திருக்கிறது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாணைத் தடவிப் பாருங்கள், நெருடினால் வெட்டிவிட்டுக் கட்டுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் ரீலின் பிரேக். ராடை லேசாக வளைத்து லைனைக் கையால் இழுங்கள், தயங்காமல் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் ரீலைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். சீல் வைத்த பிரேக் என்றால் நீங்கள் திறக்காதீர்கள், கடைக்குக் கொடுங்கள். தங்கூசிச் சுருள் வாங்கிப் பல வருடம் ஆகி, காரின் பின் கண்ணாடி வெயிலில் கிடந்திருந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.

## மாட்டியது, கழன்றது

எதிர்முள் இல்லாத முள்ளில் ஒரு நொடி தொய்வு போதும். மீன் உங்களை நோக்கி ஓடி வந்தால் ரீலைச் சுற்றிக்கொண்டிருக்காமல் கையால் லைனை வாரி இழுங்கள். மீன் குதிக்கும்போது ராடு நுனியைக் கொஞ்சம் இறக்குங்கள். கழன்ற பிறகு முள் நிமிர்ந்திருக்கிறதா பாருங்கள். நிமிர்ந்திருந்தால் வளைத்துச் சரிசெய்து மறுபடி போடாதீர்கள், அடுத்த மீனோடு போய்விடும்.

வலைக்குப் பக்கத்தில்தான் கழல்கிறது என்றால் வலையை மீனின் பின்னால் துரத்துகிறீர்கள். வலையை முதலிலேயே தண்ணீரில் அமிழ்த்தி அசைக்காமல் வைத்துக்கொண்டு, மீனின் தலை மேலே வந்ததும் அதை வலைமேல் இழுத்துவாருங்கள்.

## ராடில் கோளாறு

பூட்டு (ராடின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடம்) கழலவில்லை: முறுக்காதீர்கள், குறடு பக்கமே போகாதீர்கள். குந்தி உட்கார்ந்து ராடை முழங்காலுக்குப் பின்னால் வைத்து, பூட்டின் இரண்டு பக்கமும் கைகளால் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மெதுவாக விரியுங்கள். இழுப்பு நேராக வரும், பெரும்பாலும் கழன்றுவிடும். வராவிட்டால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் பூட்டின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கை வைத்து நேராக இழுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ராடு பழுது பார்ப்பவரிடம்.

வீசும்போது பூட்டு சுழல்கிறது: உள்ளே போகும் பகுதியில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துச் செருகுங்கள்.

லைன் வெளுத்து உரிகிறது: காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு சிக்கும் வளையத்தில் வெடிப்போ பள்ளமோ இருக்கிறது. நுனி வளையம் என்றால் மாற்றுவது சுலபம், மலிவு. நடு வளையத்துக்கு நூல் சுற்றி வார்னிஷ் போடத் தெரிந்தவர் வேண்டும்.

வளைக்கும்போது டிக் என்று சத்தம்: ராடில் வெடிப்பு. அன்றைக்கே நிறுத்திவிட்டு, உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள்.

## விட்ட மீன் கவிழ்ந்து மிதக்கிறது

முதலில் டிக்கெட்டைப் படியுங்கள். சில குளங்களில் பிடித்த மீனைத் திரும்ப விடவே கூடாது. விடலாம் என்றால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்து, மீனை நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். தானாக வாலை அடித்துக்கொண்டு போகும்வரை பிடித்திருந்தால் போதும். செவுளில் இரத்தம் வந்தால் அது பிழைக்காது. அதைக் கொன்று, உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெயின்போவுக்குத் தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை வசதி. 20 டிகிரியை நெருங்கினால் போராடிக் களைத்த மீன் தேறுவது கடினம், அப்போது பிடித்த மீனைத் திரும்ப விடும் டிக்கெட்டில் மீன் பிடிப்பதை நிறுத்திவிடுவது நல்லது. நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகம் 1907-ல் தொடங்கி வளர்த்ததும் இதே ரெயின்போதான். ஊட்டிக் குளிரைத் தேடி அதைக் கொண்டுபோனதற்குக் காரணம் தண்ணீரின் இந்தக் கணக்குத்தான்.

## முள் உடம்பில் ஏறிவிட்டது

எதிர்முள் இல்லாததும், கையிலோ முதுகிலோ ஏறியதும் என்றால் வந்த வழியே பின்னால் இழுத்தால் வந்துவிடும். கழுவி, மருந்து போட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யோசியுங்கள். எதிர்முள் உள்ளது ஆழமாக ஏறியிருந்தால் ஃப்ளையோடு அப்படியே டாக்டரிடம் போங்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ என்றால் தொடவே வேண்டாம். லைனை மட்டும் வெட்டிவிட்டு, எதுவும் அழுத்தாமல் மூடி, அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

## குளமே சரியில்லை

பல மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாலோ, செத்து ஒதுங்கினாலோ அது உங்கள் தூண்டில் கோளாறு இல்லை. உடனே குளத்துக் காவலரிடம் சொல்லுங்கள். கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டியது போல நுரை ஒதுங்கியிருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கையை நனைக்காதீர்கள், நாயைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். காவலர் இல்லை என்றால் இங்கிலாந்தில் என்விரான்மென்ட் ஏஜென்சியின் 24 மணி நேர எண் 0800 80 70 60. குளத்தின் பெயர், எந்தக் கரை, எத்தனை மீன், எப்போதிலிருந்து என்ற நாலையும் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.